மூன்று மணிக்குத் திறக்கும்

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுத்தாள்.

"ஹலோ... போலீஸா? இங்க ஒரு கொலை நடந்திருக்குங்க!"

"எங்க?"

"பல்கலைக்கழக மாநாட்டு ஹால்ல. உயிரியல், நானோ, நச்சியல்... மூணு துறையும் சேர்ந்து நடத்துற கருத்தரங்கு. நான்தான் தலைவர்."

"யாரைக் கொன்னுட்டாங்க?"

"எங்க பேராசிரியரை!"

"பாடி எங்க இருக்கு?"

"மேடையில பேசிட்டிருக்கு!"

இன்ஸ்பெக்டர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள்.

"உயிரோடவா?"

"இப்போதைக்கு. மத்தியானம் மூணு மணிக்குச் செத்துடுவார்."

'அப்போ மூணு மணிக்குக் கூப்பிடுங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். அப்படியெல்லாம் பொதுமக்களிடம் பேசக் கூடாதென்று மேலதிகாரி நேற்றுதான் சொல்லியிருந்தார். அடக்கிக்கொண்டாள்.

"யாரு அந்தப் பேராசிரியர்?"

"கல்லீரலுக்குப் புது மருந்து கண்டுபிடிச்சாரே... பேப்பர்ல எல்லாம் வந்துச்சே... அவர்தாங்க!"

இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த பேனா நழுவி மேஜையில் உருண்டது.

"அவரை எங்கயும் போக விடாதீங்க. சாகவும் விடாதீங்க. வர்றேன்!"

ஜீப்பை ஓட்டியது அவளுடைய உதவி அதிகாரி. அவனை எல்லோரும் மீசை என்றே கூப்பிட்டார்கள். முகத்தில் வேறு எதுவும் கண்ணில் படாது.

"மேடம், ஆள்தான் இன்னும் சாகலையே. என்ன அவசரம்?"

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு அந்த ஆளோட மருந்தைப் பன்னெண்டு நோயாளிங்களுக்கு முதல் தடவையா குடுக்கறாங்க."

"சரி..."

"லிஸ்ட்ல ஏழாவது, எங்க அக்கா."

மீசை ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். சிக்னல் சிவப்பாக இருந்ததை அவன் பார்க்கவில்லை.

அம்மா போனபோது இன்ஸ்பெக்டருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாறு. தலை வாரிவிட்டது அக்கா. ஸ்கூலில் சேர்த்தது அக்கா. 'பொம்பளைப் பிள்ளைக்குப் போலீஸ் வேலையா?' என்று கேட்ட சித்தப்பாவை வாசலோடு அனுப்பியதும் அக்காதான். அந்த அக்காவின் கல்லீரல் இப்போது கைவிட்டுக்கொண்டிருந்தது. பழைய மாத்திரை ஒரு வருஷம் இழுத்துப் பிடிக்கும் என்றார்கள். அதற்கப்புறம் என்ன என்று கேட்டபோது டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். பேராசிரியரின் மருந்து ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. இன்று இரவோடு பழைய மாத்திரையை நிறுத்திவிட்டு, நாளை புதியது.

அந்த ஆள் இன்று செத்தால், நாளை இல்லை. அக்கா இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மணி பன்னிரண்டரை.

ஹாலுக்குள் முந்நூறு பேர். உயிரியல்காரர்கள் இடப்பக்கம். நானோக்காரர்கள் வலப்பக்கம். விஷத்தைப் பற்றிப் படிக்கும் நச்சியல்காரர்கள் பின்வரிசையில், பிஸ்கட் மேஜைக்குப் பக்கத்தில். மூன்று துறையும் கலந்து பேசுவதற்காகத்தான் கருத்தரங்கு. இரண்டு நாளாக யாரும் யாரோடும் பேசவில்லை. இன்றுதான் பேசினார்கள்.

தலைவர் ஓடி வந்தார். கையில் ஒரு மேஜை மணி. யாராவது பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசினால் அடிப்பதற்கு. கருத்தரங்குக்குக் கருத்தரங்கு அதை எடுத்துக்கொண்டே அலைவதால் மணிக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும்.

"மேடம், பன்னெண்டு மணிக்கு அவரோட பேச்சு முடியற நேரம். 'நன்றி'னு கடைசி ஸ்லைடு வரணும். அதுக்குப் பதிலா இது வந்துச்சு!"

திரையைக் காட்டினார்.

'பேராசிரியருக்கு வணக்கம். இன்று காலை ஒன்பது மணிக்கு நீங்கள் குடித்த காபியில் உங்கள் பெட்டிகள் இருந்தன. உள்ளே விஷம். அளவு நாற்பத்து மூன்றரை மில்லிகிராம். உங்கள் கட்டுரைப்படி ஆறு மணி நேரம் கழித்துத் திறக்கும். கேள்விகள் இருந்தால் மூன்று மணிக்குள் கேட்கவும்.'

"பெட்டியா? என்ன பெட்டி?"

"அதுதான் மேடம் அவரோட கண்டுபிடிப்பே! கண்ணுக்கே தெரியாத பெட்டி. உள்ள மருந்தை வச்சு அடைச்சு முழுங்கிடணும். வயித்துல கரையாது. நேரா கல்லீரலுக்குப் போகும். கரெக்டா ஆறு மணி நேரத்துல திறக்கும்."

"மருந்துக்குப் பதிலா விஷத்தை அடைச்சா?"

"கரெக்டா ஆறு மணி நேரத்துல திறக்கும்."

முன்வரிசையில் கொலையுண்டவர் உட்கார்ந்திருந்தார். காலை நீட்டிக்கொண்டு, கிரீம் பிஸ்கட்டைப் பிரித்து, உள்ளே கிரீம் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மடியில் ஒரு கட்டு விடைத்தாள். சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள். மாநாட்டுக்கு வந்தாலும் சரி, மயக்கம் போட்டு விழுந்தாலும் சரி, திங்கட்கிழமை மார்க் கொடுத்தாக வேண்டும்.

எதிரே ஆம்புலன்ஸ் டாக்டர், கையில் ஊசியோடு.

"டாக்டர், மாத்து மருந்து இருக்கா?"

"இதோ இருக்கு மேடம். மூணு மணிக்கு முன்னாடி போட்டுட்டா நிச்சயம் பொழைச்சுக்குவார். அதுக்கப்புறம்னா சந்தேகம்தான்."

"அப்புறம் என்ன? போடுங்க!"

"மாட்டேங்கிறார்."

பேராசிரியர் சிரித்தார்.

"புரளிம்மா. எவனோ பொறாமையில விளையாடறான். அந்த ஊசியில இருக்கறது சும்மா தண்ணியில்ல. உள்ள விஷம் இருந்தா அதை முறிக்கும். விஷம் இல்லாத உடம்புல போட்டா, ஊசியே விஷம்! பத்து நிமிஷத்துல இதயம் நின்னுடும். நச்சியல்ல மொத நாள் மொத பாடம் இது."

பின்வரிசையில் நூறு தலைகள் ஆமென்று ஆடின.

இன்ஸ்பெக்டருக்கு அது நியாயமாகவே பட்டது. "அப்ப காபிக் கோப்பையைச் சோதிச்சா தெரிஞ்சுடுமே. கோப்பை எங்க?"

நாற்காலிக்கு அடியில் கிடந்தது. அடியில் ஒரு வாய்க் கசடு.

நானோக்காரர்கள் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, மேல் மாடியிலிருக்கும் தங்கள் பெரிய மைக்ராஸ்கோப்புக்கு ஓடினார்கள். ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

"டாக்டர், நீங்க எப்ப வந்தீங்க?"

"பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே வந்துட்டோம் மேடம்."

"ஸ்லைடு வந்ததே பன்னெண்டுக்குத்தானே?"

"அதுதான் எனக்கும் புரியல. பதினொன்னே முக்காலுக்குப் போன் வந்துச்சு. பொம்பளைக் குரல். இன்ன ஊசி கொண்டு வாங்கன்னு பேர் சொல்லிக் கேட்டாங்க."

இன்ஸ்பெக்டர் மீசையைப் பார்த்தாள். மீசை குறித்துக்கொண்டான்.

ஒன்றே முக்கால்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். நானோக்காரர் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"இருக்கு! கோப்பையில பெட்டி இருக்கு! லட்சக்கணக்குல! ஒவ்வொண்ணுக்குள்ளயும் விஷம்!"

ஹால் கொந்தளித்தது. யாரோ ஒரு அம்மாள் அழுதாள். மணிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் மணியை அடித்தார்.

"சார்!" இன்ஸ்பெக்டர் பாய்ந்தாள். "புரளி இல்ல! போட்டுக்கங்க ஊசியை!"

"பாக்கலாம்மா."

"என்னத்தைப் பாக்கறது? இன்னும் ஒண்ணேகால் மணி நேரம்தான் இருக்கு!"

"எனக்கு ஊசின்னா ஆகாது. கொஞ்சம் கழிச்சு யோசிக்கலாம். நீங்க ஒரு பிஸ்கட் எடுத்துக்கங்களேன்?"

நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. வியர்த்ததெல்லாம் அவளுக்குத்தான்.

'என்ன ஜென்மம் இது? சாகப் போறவன் மாதிரியா இருக்கான்?'

அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தது யார் என்று விசாரித்தாள். எல்லா விரல்களும் ஒருத்தியை நோக்கி நீண்டன. பேராசிரியரின் ஆராய்ச்சி மாணவி. முப்பத்துநான்கு வயது. பட்டம் வாங்க வந்து ஏழு வருஷம் ஆகிறது. பேராசிரியர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் அவள் பெயரே ஏழு வருஷம்.

இன்ஸ்பெக்டர் அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள்.

"அந்த ஆள் மேல உனக்குக் கோபம் இருக்குமே?"

"இருக்கு மேடம். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் இருக்கு. சனி ஞாயிறு தூங்கிடுவேன்."

"நீதான் போட்டியா?"

"இல்ல மேடம். நான் போட்டிருந்தா முப்பத்தெட்டு மில்லிகிராம்தான் போட்டிருப்பேன்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தாள். "என்ன சொல்ற?"

"எங்க தொழில்ல எதைக் குடுத்தாலும் எடையைப் பாத்துத்தான் அளப்போம் மேடம். கைப்பழக்கம். சாரோட கட்டுரையில அளவு, ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராம். சார் எடை எழுபத்தாறு. பாஸ்போர்ட், இன்ஷூரன்ஸ், இந்தக் கருத்தரங்கு ஃபாரம், எல்லாத்துலயும் எழுபத்தாறுதான். பாதி போட்டா முப்பத்தெட்டு."

"ஸ்லைடுல நாப்பத்து மூணரை..."

"அப்படின்னா அவர் எடை எண்பத்தேழுன்னு யாரோ கணக்குப் போட்டிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் நோட்டில் எண்பத்தேழு என்று எழுதி, அடியில் கோடு போட்டாள்.

ஓர் ஆம்பிளையின் உண்மையான எடை உலகத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். அவனுக்கு. அவன் டாக்டருக்கு. அப்புறம்...

இன்ஸ்பெக்டர் ஹாலுக்குத் திரும்பினாள். மணி இரண்டு பதினைந்து. பேராசிரியர் காலாற நடக்கப் போயிருந்தார். டீச்சர் தனியாக இருந்தாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"டீச்சர்... உங்க வீட்டுக்காரர் எடை என்ன?"

"எண்பத்தேழு." சிவப்புப் பேனா நிற்கவில்லை. "ஊருக்கு எழுபத்தாறு."

"காபியில போட்டது..."

"நான்தான். சோதனைக்குன்னு விஷம் அடைச்சே வச்சிருந்த பெட்டிங்க, அவரோட ஆய்வகத்து அலமாரியிலேர்ந்து எடுத்தேன். பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்? கலக்கி விட்டதும் நான்தான்."

"டாக்டருக்குப் போன் பண்ணினது?"

"அதுவும் நான்தான். கடைசி ஸ்லைடை மாத்தினதும் நான்தான். புருஷன்மா. சாகடிக்கவா முடியும்?"

இன்ஸ்பெக்டர் இருபது வருஷத்தில் எத்தனையோ வாக்குமூலம் கேட்டிருக்கிறாள். மார்க் போட்டுக்கொண்டே யாரும் கொடுத்ததில்லை.

"ஏன் டீச்சர்?"

பேனா இப்போது நின்றது.

"தினமும் சாப்பிடும்போது என்கிட்ட, 'ஆறுக்குப் பக்கத்துல ஒரு நம்பர் சொல்லு'ம்பார். அஞ்சே முக்கால்ம்பேன். எழுதிக்குவார். 'இன்னொண்ணு சொல்லு'ம்பார். ஆறு புள்ளி ஒண்ணும்பேன். சரி, வயசாகுது, ஞாபகசக்திக்கு ஏதோ பயிற்சி பண்றார் போலன்னு நெனச்சேன். போன மாசம் கட்டுரை அச்சாகி வீட்டுக்கு வந்துச்சு. பெட்டி எத்தனை மணி நேரத்துல திறக்குதுன்னு ஒரு அட்டவணை. பாக்கறேன்... அத்தனையும் நான் சொன்ன நம்பர்!"

"ஐயோ!"

"ஒரு எலியைக் கூட அந்த மனுஷன் தொட்டதில்லைம்மா. நாப்பது எலின்னு எழுதியிருக்கார். நாப்பதும் நான்தான்!"

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"அந்த மணிக்காரர்கிட்டப் போய்ச் சொன்னேன். 'நீங்க துறை சார்ந்தவங்க இல்லையே'ன்னுட்டார். நாளைக்குப் பன்னெண்டு பேர் பழைய மாத்திரையை விட்டுட்டு, திறக்குமா திறக்காதான்னே தெரியாத பெட்டியை முழுங்கப் போறாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. சரி, அவருக்கே குடுத்துப் பாத்துடுவோம்னு முடிவு பண்ணினேன். திறந்தா என் புருஷன் யோக்கியன். ஊசி இருக்கு, பொழைச்சுக்குவார். திறக்கலைன்னா புளுகன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."



அக்கா! இன்று இரவு மாத்திரையை நிறுத்துவாள். பெட்டி போகும், திறக்காமலே வெளியே வந்துவிடும். அக்கா காத்திருப்பாள். எல்லாம் சரியாகும் என்று நம்பிக்கொண்டே... கொஞ்சம் கொஞ்சமாக...

இரண்டு மணி நேரமாக அவள் யாரைக் காப்பாற்ற நாயாய்ப் பேயாய் அலைந்தாளோ, அவன்தான் அக்காவுக்கு எமன்!

"நீங்க சொல்றதை வச்சு நாளைக்கு நடக்கறதை நிறுத்த முடியாது டீச்சர். விஷம் வச்சவங்க பேச்சை யாரும் எடுத்துக்க மாட்டாங்க."

"தெரியும். அவர் வாயாலயே வரணும்."

மணி இரண்டு நாற்பது. பேராசிரியர் இன்னொரு பிஸ்கட்டோடு தன் இடத்துக்குத் திரும்பியிருந்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து நேராக மைக்குக்குப் போனாள்.

"தலைவரே! ஸ்லைடுல 'கேள்விகள் இருந்தால் கேட்கவும்'னு போட்டிருக்கு. எனக்கு ஒரு கேள்வி இருக்கு."

மணிக்காரருக்கு அந்த நாளில் முதல் முறையாகத் தனக்குப் பழக்கமான ஒன்று கிடைத்தது. முகம் மலர்ந்தது.

"தாராளமா! கேள்வி மட்டும் கேளுங்க. சொந்தக் கருத்து வேண்டாம். ஒரு நிமிஷம்!"

"பேராசிரியர் சார். எனக்கு விஞ்ஞானம் தெரியாது. நீங்க பெட்டியைக் குடிச்சது நிச்சயம். உங்க பெட்டி ஆறு மணி நேரத்துல திறக்கும்னா, மூணு மணிக்கு நீங்க காலி. இந்த ஊசியைப் போட்டுக்கிட்டா பொழைப்பீங்க. ஆனா பெட்டி திறக்கவே திறக்காதுன்னா, இந்த ஊசியாலதான் நீங்க சாவீங்க. நீங்க சொன்ன மொத நாள் பாடம்."

பின்வரிசையில் நூறு நச்சியல்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து நின்றார்கள்.

"இவ்வளவு நேரமா ஊசியை வேண்டாங்கிறீங்க. உங்க கட்டுரையை நீங்களே நம்பலையா சார்?"

பேராசிரியரின் கையிலிருந்த பிஸ்கட் உடைந்தது.

"அது... அது வந்து... ஆழமான கேள்வி. இதுக்குப் பதில் சொல்லணும்னா பல கோணத்துல..."

டிங்! "நேரமாச்சு," என்றார் மணிக்காரர்.

"டாக்டர், ஊசியோட வாங்க," என்றாள் இன்ஸ்பெக்டர்.

டாக்டர் வந்தார். பேராசிரியர் முந்நூறு முகங்களையும் பார்த்தார். சிரிக்க முயன்றார். மெல்லச் சட்டைக் கையை மடக்கினார். பஞ்சு பட்டது. ஊசி முனை தோலைத் தொட்டது...

"வேண்டாம்!"

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"திறக்காது! அது திறக்கவே திறக்காதுய்யா! ஒரே ஒரு தடவை கண்ணாடிக் குடுவையில போட்டுப் பாத்தேன். ரெண்டு நாளாகியும் திறக்கல! எலியெல்லாம் கிடையாது. நம்பரெல்லாம்... என் வீட்டுக்காரி சொன்னது!"

ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். டாக்டர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததால் விழவில்லை.

இன்ஸ்பெக்டர் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நாளைய வேலை ரத்தானது. அடுத்து வீட்டுக்கு.

"அக்கா... பழைய மாத்திரையை நிறுத்திடாதே."

"ஏண்டி? நாளைக்குப் புதுசு தர்றாங்கல்ல?"

"நாளைக்கு இல்லக்கா."

மறுமுனையில் மாத்திரை டப்பாவை மறுபடி திறக்கும் சத்தம்.

"சரிடி. நீ சாப்பிட்டியா?"

இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மீசை கூரையில் மின்விசிறி எத்தனை இருக்கிறது என்று எண்ணினான்.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று அடித்தது.

பேராசிரியர் துள்ளிக் குதித்தார். வேலை போய்விட்டது, மானம் போய்விட்டது. உயிர் இருந்தது.

"பாத்தீங்களா? மூணு மணி! நிக்கிறேன்ல? குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்ல? நான்தான் சொன்னேனே திறக்காதுன்னு! ஹா... ஹா..."

மூன்று மணி இரண்டு நிமிஷத்துக்குத் தடாலென்று விழுந்தார்!

"ஊசி!" என்று கத்தினாள் டீச்சர். விடைத்தாள்கள் நாலா பக்கமும் பறந்தன. டாக்டர் பாய்ந்தார். குத்தினார். ஐந்து நிமிஷம் யாரும் மூச்சு விடவில்லை. பேராசிரியர் விட்டார். கண்ணைத் திறந்து, ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"என்னது இது?" இன்ஸ்பெக்டர் ஏழு வருஷத்தின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"திறந்துடுச்சு மேடம்!" அவள் கண்கள் பளபளத்தன. "குடுவையில ஏது கல்லீரல்? அதான் அங்க திறக்கல. உடம்புக்குள்ள போனா திறக்குது! ரெண்டு நிமிஷம்தான் லேட்!"

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி மனுஷா! வாய்க்கு வந்தபடி புளுகினது நெஜமாவே போயிடுச்சே! ஒழுங்கா ஒரு எலிக்குக் குடுத்துப் பாத்திருந்தா உலகமே கொண்டாடியிருக்குமே!"

ஸ்ட்ரெச்சரில் போகும் புருஷனின் சட்டைப் பட்டனைச் சரி செய்துவிட்டு, இன்ஸ்பெக்டரிடம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். "போலாமா? பேப்பரை மட்டும் எடுத்துக்கறேன். இன்னும் பன்னெண்டு பேருக்கு மார்க் போடணும்."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்க்கவில்லை. ஏழு வருஷத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப... இந்தப் பெட்டி வேலை செய்யுது. எங்க அக்காவுக்குக் குடுக்கலாம். அப்படித்தானே?"

"இல்ல மேடம். ஒரே ஒரு ஆளை வச்சு முடிவு சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு பேருக்காவது குடுத்து, அவங்களுக்கும் இதே மாதிரி திறந்தாத்தான்..."

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினாள்.

முன்வரிசையில் எட்டுப் பேராசிரியர்கள், தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மீசை... கதவைச் சாத்திட்டு, சார்மாருக்கெல்லாம் ஆளுக்கொரு காபி சொல்லு!"